சமையலறை வண்ணங்கள் சொன்னபடி கேட்காதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மஞ்சள்தூள், பீட்ரூட், சங்குப்பூ, கீரை, எலுமிச்சை, ஆப்பசோடா, பால், சாக்பீஸ் என்று வீட்டில் கிடைப்பவற்றைக் கொண்டே குழந்தைகளை வண்ணங்களோடு விளையாடவிடும் பெற்றோரும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் முதல் நாளிலேயே திகைத்துப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிண்ணத்தில் ஊதாவாக இருந்தது காகிதத்தில் நீலமாகிவிடும், மஞ்சள் சிவந்துபோகும், அரை மணி நேரத்தில் எல்லாக் கிண்ணங்களும் சேற்று நிறத்துக்கு வந்துவிடும். கடையில் வாங்கும் பெயின்ட் எந்தத் தண்ணீரில் கலந்தாலும் எந்தத் தாளில் பூசினாலும் மாறாதபடி செய்யப்பட்டது. சமையலறை வண்ணங்கள் அப்படியல்ல. அவை தண்ணீரையும் தாளையும் கையில் மிச்சமிருக்கும் சோப்பையும் கவனித்து அதற்கேற்ப மாறுகின்றன. ஆகவே நிறம் தவறினால் வண்ணத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைப்பதற்கு முன், தண்ணீர், தாள், கை, பாத்திரம் ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பிழை பெரும்பாலும் அவற்றில் ஒன்றில்தான் இருக்கும்.

எந்த வண்ணத்தையும் படத்தில் வைக்கும் முன், அதே தாளிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, அதில் ஒரு கோடு இழுத்துக் காயவிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால், கீழே வரும் சிக்கல்களில் பாதியை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். தண்ணீரையும் தாளையும் ஒருசேர மாற்றினால் எது காரணம் என்று குழந்தைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

மஞ்சள் சிவந்துவிட்டது

மஞ்சள் தட்டில் சுண்ணாம்பைக் கரைத்ததும் ஆரத்தி நீர் குங்குமச் சிவப்பாக மாறுவதை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படத்தில் நடப்பதும் அதுவேதான். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின், அமிலத்திலும் சாதாரணத் தண்ணீரிலும் மஞ்சளாக இருக்கும். அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை (சுண்ணாம்பு, சோப்பு, ஆப்பசோடா ஆகியவற்றில் இருப்பது) ஓரளவுக்கு மேல் கூடியதும் செம்பழுப்பாக மாறிவிடும். படத்தில் அங்கங்கே சிவப்புத் திட்டுகள் தென்பட்டால், குழந்தையின் கையில் சரியாக அலசப்படாத சோப்பு இருந்திருக்க வேண்டும், அல்லது தூரிகை முன்பு ஆப்பசோடாக் கிண்ணத்துக்குள் போய்வந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அந்தத் திட்டின் மேல் வைத்துப் பாருங்கள். மஞ்சள் திரும்பி வந்தால் காரணம் உறுதியாகிவிடும்.

இந்தப் பிழையை விளையாட்டாகவும் மாற்றிக்கொள்ளலாம். தாள் முழுவதும் மஞ்சள் கரைசலைப் பூசி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு குளியல் சோப்பைச் சீவித் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைத் தொட்டுக் குழந்தையை எழுதச் சொல்லுங்கள். தூரிகை போகும் வழியெல்லாம் சிவப்புக் கோடு எழும். இங்கே இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்புண்டு. ஆப்பசோடாவைக் கரைத்து எழுதினால் நிறம் மங்கிய ஆரஞ்சாகத்தான் வரும். அது வலுக்குறைந்த காரம், எவ்வளவு அள்ளிப் போட்டாலும் ஆழ்ந்த சிவப்பைத் தராது. பாத்திரம் துலக்கும் திரவத்தையோ உடலுக்குப் பூசும் திரவ சோப்பையோ தொட்டு எழுதினால் பல நேரங்களில் எதுவுமே தெரியாது. அவற்றில் பெரும்பாலானவை காரமில்லாதபடி தயாரிக்கப்படுவதால் மஞ்சள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. கட்டி சோப்புதான் இதற்கு ஏற்றது. எழுத்து மறுநாள் மங்கிப் பழுப்பேறினால் அதையும் பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காரத்தில் குர்குமின் நிலைத்திருப்பதில்லை. அது சிறிது சிறிதாகச் சிதைந்துகொண்டேயிருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். ஆரத்தியில் சுண்ணாம்பு பயன்படுகிறதே என்று குழந்தையின் கையில் சுண்ணாம்பைக் கொடுக்காதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் கருவிழி வெந்து பார்வையே போகக்கூடும். சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கும்போது கண்ணில் பீய்ச்சியடித்து மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள். தப்பித்தவறிப் பட்டுவிட்டால், கண்ணைக் கசக்காமல் ஓடும் தண்ணீரில் தொடர்ந்து நெடுநேரம் கழுவியபடியே மருத்துவரிடம் விரையுங்கள்.

மஞ்சள் கரையாமல் அடியில் தங்குகிறது. பூசினால் மணல் மணலாக நிற்கிறது

குர்குமின் தண்ணீரில் கரையாது என்பதால், எவ்வளவு கலக்கினாலும் தூள் மிதந்து பின் படியும். சோறு வடித்த கஞ்சியில் குழைத்தால் கஞ்சியின் கொழகொழப்பு தூளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தபின் தாளிலிருந்து உதிரவும் செய்யாது. அரை டம்ளர் வெதுவெதுப்பான கஞ்சிக்கு ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் போதுமானது. கஞ்சியில் உப்புப் போட்டிருந்தால் அது காய்ந்ததும் வெள்ளைப் பூத்துத் தெரியும். ஆகவே உப்பிடுவதற்கு முன்பே கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்குப்பூ நீலமாக இறங்கவில்லை. பச்சையோ சாம்பலோ கலந்து வருகிறது

இந்தச் சிக்கலை முதன்முதலில் சந்தித்தபோது பூ வாடிவிட்டதோ என்று நினைத்துப் புதிதாகப் பறித்து வந்து மறுபடியும் ஊறவைத்தேன். மறுபடியும் அதே மங்கிய நிறம்தான் வந்தது. வேறொரு டம்ளரில் மாடியில் பிடித்து வைத்திருந்த மழைநீரை ஊற்றி அதே பூவைப் போட்டதும், சில நிமிடங்களில் இதழிலிருந்து நூல் நூலாக இறங்கிய நீலத்தைப் பார்த்துத்தான் பிழை எங்கே என்று விளங்கியது. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் பைகார்பனேட் உப்புகள் மிகுந்திருப்பதால் அது சற்றே காரமானது. கொதிக்கவைத்தால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிக் காரத்தன்மை மேலும் கூடுகிறது. சங்குப்பூவின் நிறப்பொருள் ஆந்தோசயனின் வகையைச் சேர்ந்தது. நடுநிலை நீரில் நீலமாகவும், அமிலத்தில் ஊதாவாகவும், அமிலம் மிகுந்தால் இளஞ்சிவப்பாகவும், காரத்தில் பச்சையாகவும் அது மாறும். செம்பருத்தியும் ஊதா முட்டைக்கோஸும் இதே இனத்து நிறங்களைக் கொண்டவை. கடின நீரில் இவையும் இதே போலத் தடுமாறும்.

தீர்வு எளிது. மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்துங்கள், அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு டம்ளர் நீருக்கு எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, நீலம் திரும்புகிறதா என்று பாருங்கள். இரண்டாவது சொட்டில் ஊதாவுக்குப் போய்விடும் என்பதால் சொட்டுகளை எண்ணி விடவேண்டும். பத்துப் பன்னிரண்டு பூக்களுக்கு அரை டம்ளர் சூடான நீரே போதும். பலரும் நீரை அதிகமாக ஊற்றிவிட்டு நிறம் வரவில்லை என்று வருந்துகிறார்கள். காயவைத்த பூவிலும் நிறம் நன்றாக இறங்கும்.

பூச்சாற்றின் இந்தக் குணம் 1664-ஆம் ஆண்டிலேயே அச்சில் ஏறிவிட்டது. வயலெட் பூவின் சாறு அமிலத்தில் சிவந்து, காரத்தில் பச்சையாவதை ராபர்ட் பாயில் எழுதி, ஒரு திரவம் அமிலமா காரமா என்று கண்டறிய அதைப் பயன்படுத்தினார். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதைச் சங்குப்பூ சொல்லிவிடுவதும் அதே வழியில்தான்.

கிண்ணத்தில் ஊதா, தாளில் காய்ந்ததும் நீலம்

எலுமிச்சை விட்டு ஊதாவாக்கிய சங்குப்பூச் சாற்றைத் தாளில் பூசினால், ஈரமாக இருக்கும்வரை ஊதாவாகவே தெரிந்து, காயக் காய ஓரங்களிலிருந்து நீலம் உள்ளே நுழைவதைக் காணலாம். இதற்குத் தாள்தான் காரணம். நகலெடுக்கும் ஏ4 தாள்களில் வெண்மைக்காகவும் கனத்துக்காகவும் கால்சியம் கார்பனேட் சேர்க்கப்படுவதால் அவை இலேசான காரத்தன்மை உடையவை. நீங்கள் விட்ட அமிலத்தை அவை தின்றுவிடுகின்றன. தாளில் முதலில் எலுமிச்சை கலந்த நீரை ஒருமுறை பூசிக் காயவிட்டுப் பிறகு வண்ணம் தீட்டினால் ஊதா ஊதாவாகவே நிற்கும். எலுமிச்சைக்குப் பதிலாக வினிகர் பயன்படுத்தியிருந்தால் பிழை இன்னும் விரைவாக வரும். வினிகரின் அமிலம் தண்ணீரோடு சேர்ந்து ஆவியாகிப் போய்விடும். எலுமிச்சையின் அமிலமோ தாளிலேயே தங்கும். வீட்டிலுள்ள நாலைந்து வகைத் தாள்களில் ஒரே கிண்ணத்துச் சாற்றை ஒவ்வொரு சொட்டு வைத்துக் காயவிட்டு, எந்தத் தாளில் என்ன நிறம் என்று குழந்தையையே எழுதிவைக்கச் சொல்லுங்கள். படம் வரைவதைவிட இதில் அதிக நேரம் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் உண்டு.

பீட்ரூட் பழுப்பாகிவிட்டது

வேகவைத்திருப்பீர்கள். பீட்ரூட்டின் நிறப்பொருளான பீட்டானின் சூட்டையும் வெளிச்சத்தையும் தாங்காது. பச்சையாகத் துருவி, மெல்லிய துணியில் பிழிந்து, இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டு, அன்றைக்கே பயன்படுத்துங்கள். சாறு பழுப்பாகாமல் மஞ்சளாக மாறியிருந்தால் அதில் வலுவான காரம் கலந்திருக்கிறது என்று பொருள். அதைத் திருப்புவது கடினம் என்பதால் புதிதாகப் பிழிவதே நல்லது.

கீரைச் சாறு பச்சையாக ஒட்டவில்லை

பச்சையம் தண்ணீரில் கரைவதில்லை. சாறாகத் தெரிவது நசுங்கிய இலைத்துகள்களே. வேகவைக்கவும் வேண்டாம், எலுமிச்சை விடவும் வேண்டாம். சூடும் அமிலமும் சேர்ந்தால் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் விலகி நிறம் ஊறுகாய் மாங்காயைப் போலப் பழுப்பேறிவிடும். கீரையை அப்படியே தாளின்மேல் வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்ப்பதுதான் மிகத் தெளிவான பச்சையைத் தரும். இலை நரம்பின் அச்சும் கூடவே விழும்.

எல்லாம் கலந்து சேற்று நிறமாகிறது

அடிக்கடி கேட்கப்படும் முறையீடு இதுதான். குழந்தையின் பொறுமையின்மையின் மீது பழி போடப்படுவதும் இதில்தான். உண்மையில் குழந்தை செய்வதில் தவறில்லை, நாம் முன்னே வைக்கும் கிண்ணங்களில்தான் தவறு. ஒவ்வொரு வண்ணமும் வெள்ளை ஒளியிலிருந்து ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் நம் கண்ணுக்கு அனுப்புகிறது. இரண்டு வண்ணங்கள் கலந்தால் இரண்டும் விழுங்குகின்றன. மூன்றாவதும் சேர்ந்தால் மிஞ்சுவதற்கு ஏறக்குறைய எதுவும் இல்லாமல் பழுப்பும் சாம்பலும் மட்டுமே தெரியும். சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் ஊதா வரும் என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, குங்குமச் சிவப்பை நீலத்தோடு கலந்து பார்த்தவர்களுக்குக் கருஞ்சேறு கிடைப்பதும் இதனால்தான். அந்தச் சிவப்பு நீல ஒளியை முழுவதும் விழுங்கிவிடுகிறது. ஊதாவுக்கு வேண்டியது பீட்ரூட்டைப் போன்ற கருஞ்சிவப்பு.

நாளிதழின் பக்க ஓரத்தில் வரிசையாக நிற்கும் நான்கு சிறு வண்ணப் புள்ளிகளைக் குழந்தைக்குக் காட்டுங்கள். வான்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் சரியாகப் பொருந்தி விழுகின்றனவா என்று அச்சகத்தில் பார்ப்பதற்காக வைக்கப்பட்டவை அவை. அதே பக்கத்திலுள்ள ஒரு வண்ணப்படத்தின்மேல் பூதக்கண்ணாடியை வைத்தால், தக்காளியின் சிவப்பும் இலையின் பச்சையும் கலைந்து புள்ளிகளாகத் தெரியும். சங்குப்பூ, பீட்ரூட், மஞ்சள் ஆகிய மூன்றும் ஏறக்குறைய இந்த மூன்று மைகளின் இடத்தில் நிற்பவை என்பதால், சமையலறையிலேயே நல்ல பச்சையும் ஆரஞ்சும் ஊதாவும் கிடைத்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான்: ஒரு தட்டில் இரண்டு வண்ணங்களுக்கு மேல் வைக்காதீர்கள். மஞ்சளும் பீட்ரூட்டும் ஒரு தட்டில், மஞ்சளும் சங்குப்பூவும் அடுத்த தட்டில், சங்குப்பூவும் பீட்ரூட்டும் மூன்றாவது தட்டில் என்று பிரித்துவிட்டால், குழந்தை எவ்வளவு குழப்பினாலும் சேறு வராது. தூரிகை அலசும் டம்ளர் இரண்டு வேண்டும்; முதல் டம்ளர் அழுக்கு நீக்க, இரண்டாவது மிச்சம் நீக்க.

இப்படிப் பிரித்து வைத்தும் சேறு வந்தால், அமிலமோ காரமோ ஒரு வண்ணத்தை முன்பே மாற்றியிருக்கும். எலுமிச்சை விட்ட ஊதாச் சங்குப்பூவை மஞ்சளோடு கலந்தால் பச்சை வராது, பழுப்புதான் வரும்; நீலமாக இருக்கும்போதே கலக்க வேண்டும். மாறாக, எலுமிச்சை ஊதாவையும் ஆப்பசோடாப் பச்சையையும் ஒன்றில் ஒன்று ஊற்றினால், நுரை பொங்கி எழுந்து அடங்கும்போது இடையில் பழைய நீலம் திரும்பியிருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டதால் வந்த நீலம் அது. இதைப் பார்த்த குழந்தை மறுபடியும் மறுபடியும் கேட்கும் என்பதால் சோடாவைக் கொஞ்சம் கூடுதலாகவே கரைத்து வையுங்கள்.

பாலில் வண்ணம் ஓடவில்லை

தட்டில் பாலை ஊற்றி, நடுவில் வண்ணச் சொட்டுகள் வைத்து, சோப்புத் திரவத்தில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் தொட்டதும் வண்ணங்கள் நாலாபுறமும் சிதறி ஓடவேண்டும். சோப்பு பாலின் மேற்பரப்பு இழுவிசையை அந்த இடத்தில் குறைப்பதாலும், பாலின் கொழுப்பைப் பற்றிக்கொள்ள விரைவதாலும் நிகழ்வது அது. ஓடவில்லையென்றால் முதலில் தட்டைச் சந்தேகியுங்கள். கழுவும்போது தங்கிய சோப்பு ஒரு துளி இருந்தாலும் ஆட்டம் தொடங்குமுன்பே முடிந்துவிடும். அடுத்து பால். சமன்படுத்திய பாலில் 3 சதவீதமும் நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதமும் கொழுப்பு இருக்கும். பின்னதில் ஓட்டம் நெடுநேரம் நீடிக்கும். தண்ணீர் கலக்காத, குளிர் நீங்கிய பாலாக இருக்கட்டும். ஒன்றிரண்டு முறை தொட்டபின் நின்றுபோவது இயல்பு. சோப்பு பரப்பு முழுவதும் பரவிவிட்டால் இழுவிசையில் வேறுபாடு இல்லை.

வண்ணத்துக்கு இங்கே திரவ ஃபுட் கலர் வேண்டும், அல்லது கேசரிப் பவுடரைச் சில சொட்டு நீரில் கரைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை விட்ட பூச்சாற்றை ஊற்றினால் பால் திரிந்துவிடும். ஒரு சிறு தட்டுக்குக் கால் டம்ளர் பால் போதும். விளையாடிய பாலைக் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கெட்ச் பேனாவின் நிறம் பிரியவில்லை

கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சாக்பீஸைச் சுற்றி ஒரு வளையம் வரைந்து, அடியில் கொஞ்சம் நீரில் நிறுத்தினால், நீர் ஏறும்போது கறுப்புக்குள் ஒளிந்திருந்த நீலமும் ஊதாவும் மஞ்சளும் அடுக்கடுக்காகப் பிரியும். அசையாமல் அப்படியே நின்றால் நீங்கள் எடுத்தது அழியாத மார்க்கர்; அதன் மை நீரில் கரையாது. நிறமெல்லாம் கீழேயுள்ள நீரில் கலந்துபோனால் வளையம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்திருக்கிறது. நீர் அரை விரற்கடை உயரமும், வளையம் அதற்கு மேலே ஒரு விரற்கடையும் இருக்கவேண்டும். எல்லா நிறமும் உச்சியில் போய்க் குவிந்திருந்தால் எடுக்க மறந்துவிட்டீர்கள். மஞ்சள் பேனாவில் பெரும்பாலும் ஒரே சாயம்தான் இருக்கும். அது பிரியாததற்கு யாரும் பொறுப்பல்ல. பச்சையிலோ மஞ்சளும் நீலமும் தனித்தனியே எழுவதைக் காணலாம்.

ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட் 1906-இல் இந்த முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டு எழுதியபோது, கண்ணாடிக் குழாயில் அவர் அடைத்திருந்ததும் சுண்ணக்கட்டிப் பொடியே. அதன் வழியே இலைச் சாற்றை இறக்கிப் பச்சையத்தின் வகைகளையும் மஞ்சள் நிறமிகளையும் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டினார். சாக்பீஸில் செய்வது அதன் எளிய வடிவம்.

தாள் சுருள்கிறது, கிழிகிறது

நோட்டுத் தாள் இதற்குத் தாங்காது. சார்ட் பேப்பரோ திருமண அழைப்பிதழின் வெற்றுப் பின்பக்கமோ எடுத்துக்கொள்ளுங்கள். பளபளப்பு ஏற்றிய பக்கம் வண்ணத்தை உறிஞ்சாது.

கறை போகவில்லை, படம் மங்குகிறது

பீட்ரூட், பூச்சாறு, ஃபுட் கலர் ஆகியவை துணியில் பட்டவுடன் குளிர்ந்த நீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும். மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்ததும் சிவந்து பரவுவதைப் பார்த்துப் பதறவேண்டாம். காரணம் மேலே சொன்ன அதே காரம்தான், அலசியதும் மஞ்சளுக்குத் திரும்பிவிடும். துவைத்தபின் எஞ்சும் மஞ்சளை வெயிலில் காயப்போடுங்கள். குர்குமினை ஒளி சிதைத்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறை காயும்போதும் கறை வெளிறிக்கொண்டே வரும்.

சட்டைக்கு உதவும் அந்த வெயிலே படத்துக்குப் பகை. சன்னலுக்கு எதிரில் ஒட்டிய படத்தில் முதலில் மஞ்சளும் பீட்ரூட்டும் போகும். பிறகு நீலமும் போகும். வைத்துக்கொள்ள விரும்பும் படங்களை முற்றிலும் காயவிட்டு, நோட்டுக்குள் வைத்து மூடி அலமாரியில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் கஞ்சி பூசிய இடங்களில் பூஞ்சை பிடிக்கும். சுவரில் ஒட்டியே ஆகவேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தால், வரைந்த அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு ஒட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்த நிறம் எவ்வளவு போயிருக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.